பிஸ்டல் வாங்க முதல் கையைப் பாருங்கள்

இந்த மாதப் பதில்கள் முழுக்கக் குறிசுடுதல் பற்றியவை. பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த பிறகு இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அதே கேள்வியைச் சுடுபயிற்சி நடக்கும் ரேஞ்சிலும் பலர் என்னிடம் கேட்கிறார்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது, வங்கியில் வேலை. மெல்பேர்ணில் இருக்கும் மச்சானிடம் போனபோது அவருடைய கிளப்பில் பொயின்ட் 22 பிஸ்டலால் சுடவைத்தார்கள். மிகவும் பிடித்துப்போய்விட்டது. போட்டிக்கெல்லாம் இல்லை, சனி ஞாயிறில் ஆறுதலாக இலக்குத் தாளில் சுடுவதற்கு ஒரு சிறிய கலிபர் பிஸ்டல் வாங்க ஆசை. மச்சான் ரூகர் மார்க் ஃபோர் என்கிறார். அவருடைய நண்பர் பிரவுனிங் பக் மார்க் என்கிறார். எனக்கு வால்தர் பி22 பார்க்க வடிவாக இருக்கிறது. எதை எடுக்கலாம்?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் அங்கே சுட்டது கிளப்பில், கிளப்காரர் பக்கத்தில் நிற்க. அவுஸ்திரேலியாவில் குறிசுடும் பிஸ்டலுக்கு அனுமதி வேண்டுமென்றால் கிளப் உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் சில மாதங்கள் கிளப்பின் பிஸ்டலில்தான் பழகுவார். இங்கே இலங்கையில் இன்னும் இறுக்கம். 1916ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் துப்பாக்கிச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. கிடைத்த பத்திரத்தையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பிஸ்டல் என்றால் விஷயம் பாதுகாப்பு அமைச்சு வரை போகும். பொழுதுபோக்குக்கு என்று எழுதிக் கொடுத்தால் கிடைத்துவிடும், ஆளைத் தெரியும், முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தேசியச் சம்மேளனத்தில் பதிவான கிளப் ஒன்றில் சேர்ந்து அங்குள்ள பிஸ்டல்களில் சுடுவதுதான் உங்களுக்கு நேர்வழி. சொந்தப் பிஸ்டல் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

சரி, கிளப்பில் நாலைந்து பிஸ்டல் மேசையில் இருக்கிறது, எதைக் கையில் எடுப்பது என்று வைத்துக்கொள்வோம்.

கலிபர், அதாவது குழல் துவாரத்தின் அளவு, அந்த விஷயத்தில் உங்கள் ஆசை சரியானது. இலக்குத் தாளில் சுடுவதற்கு, பொயின்ட் 22 பிஸ்டலில் போடும் 22 லோங் ரைபிள் என்ற ரவையை விட நல்ல ரவை இல்லை. 1887இல் வந்தது, இன்றைக்கும் உலகத்தில் அதிகம் சுடப்படும் ரவைகளில் ஒன்று. சன்னத்தின் எடை வழக்கமாக 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் கூட. உதைப்பு மிகக் குறைவு. உதைப்பு குறைந்தால் கண் மூடாது, கண் மூடாவிட்டால் தான் செய்த பிழை சுடுபவருக்குத் தெரியும். பெரிய கலிபரில் ஆரம்பித்தவர்கள் சத்தத்துக்குப் பயந்து வெடிக்க முன்னமே கையை அமுக்கப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை எடுப்பதற்குள் எனக்கும் அவர்களுக்கும் போதும் போதும் என்றாகிவிடும்.

சிறியது என்பதற்காக லேசாக எண்ணவும் கூடாது. அந்தக் குட்டிச் சன்னம் ஒரு மைலுக்கும் அப்பால் போய் ஆளைக் காயப்படுத்தும். தென்னந்தோட்டத்தில் டின்னை வைத்துச் சுடலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பின்னால் மண் அணை இருக்கும் ரேஞ்சைத் தவிர வேறெங்கும் சுடும் இடமில்லை.

இனி நீங்கள் சொன்ன மூன்றும். வால்தர் பி22 அரைக் கிலோவை ஒட்டிய எடை, குழல் மூன்றரை அங்குலத்துக்கும் குறைவு. கையில் எடுத்தால் சுகமாக இருக்கும், ஆனால் இலக்குத் தாளுக்கு அது பொருத்தமில்லை. குழல் குட்டையானால் குறிபார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலுள்ள தூரம் குறையும். அந்தத் தூரம் குறைய, கை செய்யும் சின்னப் பிழைகூடத் தாளில் பெரிதாகப் போய் விழும். எடை குறைந்த பிஸ்டல் மணிக்கட்டின் ஒவ்வொரு அசைவுக்கும் ஆடும். ரூகரும் பிரவுனிங்கும் ஐந்தரை அங்குலத் தடித்த குழலோடு ஏறக்குறைய ஒரு கிலோ வரும். அந்த எடை உங்களுக்கு உதவி செய்யும்.

இந்த இரண்டில் எது என்று கேட்டால், சுடும் தரத்தில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. துப்பரவு செய்வதில்தான் வித்தியாசம். ரூகரின் பழைய மொடல்களைக் கழற்றி மறுபடி பூட்டுவது அனுபவசாலிகளையே படுத்தும். 2016இல் வந்த மார்க் ஃபோரில் பின்னாலுள்ள ஒரு பொத்தானை அமுக்கினால் மேல்பகுதி கழன்று வந்துவிடும். பக் மார்க் 1985இலிருந்து வருகிறது, ட்ரிகர் அருமை, ஆனால் கழற்றுவதற்கு அலன் கீ வேண்டும். பலர் உறுப்பினராக உள்ள கிளப்பில், எல்லோரும் மாறி மாறித் துடைத்து வைக்கும் பிஸ்டலுக்கு மார்க் ஃபோர் வசதி. இதற்கு மேல் பெயரைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

பேச வேண்டியது உங்கள் கையைப் பற்றி. ரேஞ்சில் பயிற்றுநரிடம் அனுமதி கேட்டு இதைச் செய்து பாருங்கள். மகசீனைக் கழற்றி, குழலின் பின்னால் ரவை நிற்கும் அறையைத் திறந்து, ரவை இல்லையென்று நீங்களும் பார்த்து அவருக்கும் காட்டுங்கள். பிஸ்டலை இடக்கையால் எடுத்து வலக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஆழமாகப் பொருத்துங்கள். கையை இலக்குப் பக்கம் நீட்டிக் கண்ணை மூடுங்கள். ஒருமுறை மூச்சை விட்டுக் கையைத் தளரவிட்டு, பிறகு கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் வெட்டுக்கு நடுவில் நிற்கிறதா? நின்றால் அந்தப் பிடி உங்களுக்கானது. இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கி நின்றால், எவ்வளவு விலை உயர்ந்த பிஸ்டலாக இருந்தாலும் ஒவ்வொரு சூட்டுக்கும் நீங்கள் மணிக்கட்டை முறுக்கித்தான் நேராக்க வேண்டியிருக்கும். பத்துச் சூட்டுக்குச் சமாளிக்கலாம். ஐம்பதாவது சூட்டில் கை சொன்னபடி கேட்காது.

அடுத்தது விரல். அப்படிப் பிடித்தபடியே சுட்டுவிரலின் முதல் கணுவின் நடுச்சதை ட்ரிகரில் நேராகப் படிய வேண்டும். நுனி மட்டும் எட்டினால் பிடி பெரிது, இரண்டாம் கணு வரை உள்ளே போய்விட்டால் பிடி சிறிது. பிறகு அமுக்கிப் பாருங்கள். தேசிக்காய் பிழிவதுபோல மெல்ல மெல்ல அழுத்தம் கூடி, எப்போது விடுபட்டது என்று உங்களுக்கே தெரியாமல் விடுபட வேண்டும். இழுபட்டு, சிக்கி, திரும்பவும் இழுபடும் ட்ரிகர் வேண்டாம். சர்வதேச 25 மீற்றர் போட்டியில் ட்ரிகர் குறைந்தது 1000 கிராம் எடையை விடுபடாமல் தாங்க வேண்டும் என்பது விதி. பொழுதுபோக்குக்கும் அந்த அளவை ஒட்டியிருந்தால் போதும். அதைவிட லேசான ட்ரிகர் புதியவருக்கு ஆபத்து.

பின் சைட்டைத் திருகித் திருத்த முடிய வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். திருத்த முடியாத சைட்டோடு வரும் பிஸ்டலில் ரவை வகை மாறினால் குறியும் மாறும், ஒன்றும் செய்ய முடியாது. பொயின்ட் 22 பிஸ்டல்கள் ரவை விஷயத்தில் பிடிவாதக்காரர்கள். ஒரு கொம்பனியின் ரவை சிக்காமல் ஓடும், இன்னொன்று பத்துக்கு ஒன்று மாட்டும். இந்த ரவையில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிவிளிம்புக்குள் இருக்கிறது. விளிம்பைச் சுற்றி அது சரியாகப் பரவாவிட்டால் சுத்தியல் அடித்தும் வெடிக்காது. அப்படி நடந்தால் உடனே திறந்து பார்க்கக் கூடாது. குழல் இலக்கையே பார்த்தபடி அரை நிமிடம் பொறுங்கள், பிறகு வெளியே எடுங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு என் மனதில் உள்ளதையும் சொல்கிறேன். கொழும்பில் இருந்துகொண்டு சனி ஞாயிறில் சுட விரும்பும் ஒருவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது, காற்றழுத்தத்தால் சுடும் 10 மீற்றர் எயார் பிஸ்டல். 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு, உதைப்பு இல்லை, ரவைச் செலவும் குறைவு, உள்ளரங்கிலேயே சுடலாம். அந்தத் தாளில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர்தான். 25 மீற்றர் தாளில் அது 50 மில்லிமீற்றர். எயார் பிஸ்டலில் ஆறு மாதம் ஒழுங்காகப் பழகிய கை, பொயின்ட் 22ஐ எடுத்த அன்றைக்கே நன்றாகச் சுடும். மச்சான் அடுத்த முறை வரும்போது ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள். எயார் பிஸ்டலும் முன் அனுமதி இல்லாமல் கட்டுநாயக்காவில் இறக்கக் கூடிய சாமான் இல்லை.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. மனு பாக்கர் பதக்கம் எடுத்த காணொளியைப் போனில் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். தனக்கும் பிஸ்டல் பழக வேண்டும் என்கிறான். அவனுடைய அப்பா சரி என்கிறார். எனக்குத் துவக்கைப் பார்த்தாலே நெஞ்சு பதைக்கும். நாங்கள் வளர்ந்த காலம் அப்படி. என்ன செய்யட்டும்?
— கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் பதைப்புக்குக் காரணம் இருக்கிறது. அதை யாரும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, நானும் விளக்கப் போவதில்லை. சோதனைச் சாவடிகளைக் கடந்து பள்ளிக்கூடம் போய் வந்தவள்தான் நானும். ஆகவே மகனைச் சேர்க்க முதல் நீங்கள் தனியாக ஒருநாள் ரேஞ்சுக்குப் போய் இருந்து பாருங்கள் என்று கேட்கிறேன். எந்த நல்ல கிளப்பும் தாய்மாரை உள்ளே விடும். விடாத கிளப்பில் சேர்க்க வேண்டாம்.

அங்கே இருந்து எதைக் கவனிப்பது? பிள்ளைகள் பிஸ்டலைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முறையைப் பாருங்கள். குழல் ஒரு கணம்கூட ஆள் பக்கம் திரும்பக் கூடாது. இலக்கைப் பார்க்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே நீட்டியபடி இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் பிஸ்டலின் அறைக்குள் நிறம் தெரியும் பாதுகாப்புக் கயிறோ கொடியோ செருகியிருக்க வேண்டும். ‘நிறுத்து’ என்று ஒரு குரல் வந்ததும் எல்லாக் கையும் ஒரே நேரத்தில் கீழே வந்து, பிஸ்டல் மேசைக்குப் போக வேண்டும். ஒரு பிள்ளை கடைசிச் சூட்டைச் சுட்டு முடித்துவிட்டு வைத்தால், பயிற்றுநர் அதை எப்படி எடுக்கிறார் என்று பாருங்கள். சிரித்து விட்டுவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அன்றைய பயிற்சியை அந்தப் பிள்ளைக்கு நிறுத்தினால், உங்கள் மகனை அவரிடம் நம்பி விடலாம்.

மனு பாக்கர் பாரிஸில் இரண்டு வெண்கலம் எடுத்தபோது அவருக்கு 22 வயது. அந்தக் காணொளியில் தெரியாத ஒன்று, அவர் ஒவ்வொரு நாளும் ரவை இல்லாமல் கையை உயர்த்தி இறக்கிச் செலவழித்த மணித்தியாலங்கள். மகனுக்கு இதைச் சொல்லுங்கள். எயார் பிஸ்டல் ஒரு கிலோவை ஒட்டிய எடை, ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும். 14 வயதுத் தோளுக்கு அது பாரம். ஆரம்பத்தில் கையை ஒரு தாங்கியில் வைத்துச் சுட விடுவார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். முதல் நாளே முழுப் போட்டிக்கான சூடுகளைச் சுடவைக்கும் இடத்தில் தோள்வலிதான் மிஞ்சும். எடை குறைந்த, குழல் குட்டையான மொடல்கள் பிள்ளைகளுக்கென்றே வருகின்றன. கிளப்பில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் எயார் ரைபிளில் தொடங்கட்டும். கொழும்பில் சில பாடசாலைகளிலேயே அந்தப் பயிற்சி இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் எங்கள் நாட்டுக்காகச் சுட்ட டெஹானி எகொடவெலவின் போட்டியும் 10 மீற்றர் எயார் ரைபிள்தான்.

ஈயக் குண்டைத் தொட்ட கையால் சாப்பிடக் கூடாது. பயிற்சி முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். விளையாட்டுத் துவக்கு, பிளாஸ்டிக் குண்டு சுடும் துவக்கு ஒன்றும் வீட்டுக்கு வரக் கூடாது. அதில் பழகும் அலட்சியம் ரேஞ்சுக்குள்ளும் அவனோடு வரும்.

கேள்வி: நான் இடதுகைக்காரன். கையும் சிறியது. கிளப்பில் இருக்கும் எல்லாப் பிடியும் வலதுகைக்கு. வலக்கையால் பழகிக்கொள் என்கிறார்கள். பழகலாமா?
— தெஹிவளை வாசகர்

பதில்: முதலில் எந்தக் கண் முந்துகிறது என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி நடுவில் ஒரு சின்ன ஓட்டை வருமாறு சேர்த்து, இரண்டு கண்ணாலும் தூரத்தில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் மறையாமல் நிற்கிறதோ அதுவே உங்கள் கண். இடக்கண் என்றால் இடக்கையை விட வேண்டாம், கிளப்பிடம் இடதுகைப் பிடி ஒன்றைக் கேளுங்கள். போட்டிப் பிஸ்டல்களின் மரப்பிடி திருகாணியில் கழன்று வரும், சிறிய அளவும் தனியாகக் கிடைக்கும். ரூகர், பிரவுனிங் போன்றவற்றில் பிடி இரண்டு கைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் சேஃப்டியும் மகசீன் பொத்தானும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள்.

வலக்கண் முந்தினால் வலக்கையால் பழகுவதில் தவறில்லை. ஹங்கேரியின் கரோலி தகாச்சின் வலக்கை 1938இல் கையெறிகுண்டு வெடித்துச் சிதைந்தது. இடக்கையால் முதலிலிருந்து பழகி 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் வேகப் பிஸ்டல் போட்டியில் தங்கம் எடுத்தார். கை பழகும். கண் மாறாது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 67. பொழுதுபோக்காகப் பிஸ்டல் சுடலாமா? கை லேசாக நடுங்கும். வாசிக்கும் கண்ணாடி போட்டால் இலக்கு மங்கல், தூரக் கண்ணாடி போட்டால் சைட் மங்கல்.
— பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: ஐயா, தாராளமாகச் சுடலாம். ஜோர்ஜியாவின் நீனோ சலுக்வாட்ஸே 1988 சியோலில் தங்கம் எடுத்தவர், பாரிஸில் 55 வயதில் தன் பத்தாவது ஒலிம்பிக்கில் பிஸ்டலோடு நின்றார். காற்சட்டைப் பையில் ஒரு கையை விட்டுக்கொண்டு சுட்டு உலகம் முழுக்கப் படமாகப் பரவிய துருக்கியர் யூசுப் டிகெச்சுக்கு அப்போது 51.

கண்ணுக்கு வழி இருக்கிறது. பிஸ்டலில் கூர்மையாகத் தெரிய வேண்டியது முன் சைட். இலக்கு மங்கலாக ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தால் போதும், அப்படித்தான் தெரியவும் வேண்டும். சிறுவர்கள்கூட இதை நம்ப மாட்டார்கள், இலக்கைக் கூர்ந்து பார்த்துச் சைட்டைக் கோட்டைவிடுவார்கள். ஆகவே உங்கள் தூரக் கண்ணாடியின் அளவோடு அரை அல்லது முக்கால் டயொப்டர் மட்டும் கூட்டி, சுடுவதற்கென்று தனிக் கண்ணாடி ஒன்று செய்யச் சொல்லுங்கள். கண் வைத்தியரிடம் போகும்போது நீட்டிய கையின் முனையில் முன் சைட் நிற்கும் தூரத்தை அளந்து எழுதிக் கொண்டுபோங்கள். இரண்டு அளவு ஒரே வில்லையில் உள்ள கண்ணாடி வேண்டாம், தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து நோகும். அதுவும் சரிவரவில்லையென்றால் பொயின்ட் 22 பிஸ்டலின் மேல் சிவப்புப் புள்ளிச் சைட் ஒன்றைப் பூட்டலாம். பொழுதுபோக்குக்கு அதில் ஒரு குறையுமில்லை, சர்வதேசப் போட்டியில்தான் அனுமதியில்லை. புள்ளியும் இலக்கும் ஒரே கூர்மையில் தெரியும்.

நடுக்கம் எல்லோருக்கும் உண்டு, வீராங்கனைகளுக்கும். கை ஆடிக்கொண்டிருக்கும்போதே ட்ரிகரை மெல்ல அமுக்கிக்கொண்டு போவதுதான் பயிற்சி. ஆடாத கணத்தைப் பிடிக்கப் பார்த்துச் சடாரென்று இழுத்தால் சூடு தாளின் மூலைக்குப் போகும். உங்களுக்குப் போட்டி இல்லையே, இரண்டு கையாலும் பிடியுங்கள். நடுக்கத்துக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். காதுக்குக் கவசம் கட்டாயம். பொயின்ட் 22தானே என்று போடாமல் நின்றால், ஏற்கெனவே குறைந்துவரும் கேட்கும் திறன் இன்னும் குறையும்.

கேள்வி: கிளப் பிஸ்டலைப் பராமரிக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். கடற்காற்றில் துரு ஏறாமல் வைப்பது எப்படி?
— கல்கிசை வாசகர்

பதில்: சுட்டு முடிந்த அன்றைக்கே துடையுங்கள், அடுத்த நாளுக்கு விட வேண்டாம். கைவியர்வை பட்ட இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். எண்ணெய் ஒரு மெல்லிய படலம் போதும், வழியவிட்டால் தூசு பிடித்து ட்ரிகர் இறுகும். 22 குழலுக்குள் பித்தளைக் கம்பியை அடிக்கடி ஓட்டாதீர்கள், அறையிலிருந்து வாய்ப்பக்கமாகத் துணியை இழுத்தாலே போதும். பஞ்சு உறை போட்ட பெட்டிக்குள் நீண்டகாலம் வைக்க வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரும்பு அலுமாரிக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்ப வையுங்கள். ரவைப் பெட்டிக்கு வேறு அலுமாரி, வேறு திறப்பு, வேறு ஆள்.